சுத்தக் கிரயமா, போக்கியமா?

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் காட்பாடிக்குப் போயிருந்தேன். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். பதினோரு மணிக்கு மேல் தெருவில் நாய்கூடக் குறுக்கே போகாது. அந்த வெயிலில் குடையை விரித்துக்கொண்டு, பஸ் ஏறி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, லாங்கு பஜார் வரை போய் ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி வந்திருந்தார் நைனா. எங்கள் பக்கம் அப்பாவைப் பல வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

பெட்டி செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிது. எஃப்.எம். உண்டு, பென் டிரைவுக்கு ஒரு துளை, மெமரி கார்டுக்கு ஒரு துளை. முகப்பில் சிவப்பு விளக்கில் நான்கு இலக்கங்கள் ஒளிரும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த எழுத்து. விலை 650 ரூபாய். இன்னும் 350 கொடுத்தால் ஆயிரத்து ஐந்நூறு பாட்டு ஏற்றிய பென் டிரைவ் தருவதாகக் கடைப்பையன் சொல்லியிருக்கிறான். நைனா வாங்கவில்லை.

"அதில் நாதஸ்வரம் ஒன்றுகூட இல்லை. நீ அமெரிக்காவில் இருந்தபோது காசு கொடுத்து வாங்கினாயே, அதை இதில் ஏற்றிக் கொடு" என்றார்.

பாட்டை 'ஏற்றுவது' என்ற சொல் எங்கள் ஊரில் எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் பள்ளியில் படித்த காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். அறுபது நிமிடக் கேசட்டா, தொண்ணூறா என்று கேட்பார்கள். ஒரு வாரம் கழித்து, நாம் எழுதிய வரிசை ஒன்று, அவர் பதிந்த வரிசை வேறு என்று கேசட் கைக்கு வரும். அப்போது அது 'பதிவு'. பிறகு செல்போன் கடைகளில் 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று பலகை தொங்கிய நாளில் பதிவு போய் ஏற்றம் வந்துவிட்டது. லாரியில் மூட்டை ஏற்றுவதுபோல. நைனாவுக்கும் அந்தப் படம்தான் மனதில் இருந்தது: என் கணினியில் இருக்கும் மூட்டையைத் தூக்கி அவர் பெட்டியில் வைக்க வேண்டும். பத்து நிமிட வேலை.

பன்னிரண்டு நாள் ஆயிற்று.

2005 முதல் 2008 வரை நியூஜெர்சியில் வேலை. தனியாக இருந்த அறையில் சாயங்காலம் நாதஸ்வரம், வீணை, புல்லாங்குழல், கொஞ்சம் ஜாஸ் என்று ஓர் இணையக் கடையில் பாட்டு வாங்குவேன். ஒன்று 99 சென்ட். மொத்தம் 212. ஏறக்குறைய 210 டாலர். அன்றைய மதிப்பில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல். உடன் இருந்தவர்கள் எல்லாம் இலவசமாக இறக்கிக்கொண்டிருந்த காலம். காசு கொடுக்கிறேன் என்று சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். எனக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். சொன்னாலும் தேடிப்போக முடியாது, மூடிவிட்டார்கள்.

ஊர் திரும்பியபோது பாட்டுகளை எல்லாம் ஒரு வட்டில் நகலெடுத்துக் கொண்டுவந்தேன். புதிய கணினியில் போட்டால் பாடவில்லை. 'உரிமம் பெற முடியவில்லை' என்று ஒரு கட்டம் வந்து நின்றது. சரி, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டதுதான். பழைய மடிக்கணினி பரணில் பிளாஸ்டிக் பைக்குள் போனது. 'அப்புறம்' என்பது இத்தனை வருடம் நீளும் என்று அப்போது தெரியாது.

இதை நைனாவுக்கு எப்படி விளக்குவது? அவர் நாற்பத்தோரு வருடம் பத்திரம் எழுதியவர். ஆகவே அவர் பாஷையிலேயே சொன்னேன். அந்தக் கடையில் காசு கட்டியபோது இரண்டு பொருள் வந்தன. ஒன்று பாட்டுக் கோப்பு, பூட்டிய நிலையில். இன்னொன்று உரிமம், அதாவது சாவி. தனியாக வந்து கணினிக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளும். கோப்பை நூறு இடத்துக்கு நகலெடுக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். சாவி மட்டும் அந்த ஒரு கணினியோடு கட்டப்பட்டது. வேறு கணினியில் பாட வேண்டுமானால் கடையின் சர்வரைக் கேட்க வேண்டும். அது சம்மதித்துப் புதிய சாவி அனுப்ப வேண்டும். சர்வரே இல்லையென்றால் கேட்பதற்கு ஆள் இல்லை. பாட்டைப் பாடவைக்கும் பழைய மென்பொருளான இயக்கியில் சாவிகளை நகலெடுத்து வைக்க வசதி இருந்தது. நான் எடுத்து வைக்கவில்லை. அது என் தவறு.

நைனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நிலம் உன் கையில் இருக்கிறது, தாய்ப்பத்திரம் அவனிடம் இருக்கிறது. அவன் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"நீ எழுதிக்கொண்டது சுத்தக் கிரயமா, போக்கியமா?"

வாங்கும்போது கடை எழுதியிருந்த நிபந்தனைகளை நான் படிக்கவில்லை. யாரும் படிப்பதில்லை. ஆனால் அவற்றைக் கடை அனுப்பியிருந்த பழைய மின்னஞ்சல் இன்னும் இருந்தது. அதைத் திறந்து நைனாவுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். 'மாற்றித்தர முடியாத', 'ரத்து செய்யத்தக்க', 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்று வரிசையாக வந்தன. அவர் கேட்டுக்கொண்டே வந்து ஓர் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

கிரயப் பத்திரத்தில் கடைசியில் வரும் வாசகம் நைனாவுக்குத் தூக்கத்திலும் வரும்: 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.' பிள்ளை, பேரன் என்று வழிவழியாக வைத்துக்கொள்ளலாம், தானம் கொடுக்கலாம், விற்கலாம். இந்த மூன்றும் இல்லாத பத்திரத்துக்குக் கிரயம் என்று தலைப்புப் போட்டால் சார்பதிவாளர் தூக்கி வீசிவிடுவார் என்றார். "இது போக்கியம்கூட இல்லை. போக்கியமானால் காலம் முடிந்ததும் என் பணம் எனக்குத் திரும்பி வரும்."

இதை நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். பிறகு பார்த்தால் கலிபோர்னியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள், 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. எண்ணியல் பொருளை விற்பவர் தருவது வெறும் உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போடக் கூடாது. பின்னால் பறித்துக்கொள்ள முடியாதபடி முழுவதுமாக இறக்கி வைத்துக்கொள்ளும் கோப்புகளுக்கு விலக்கு உண்டு. நைனாவிடம் சொன்னேன். "தலைப்பு சரியாக எழுதவேண்டும் என்பதற்கு அங்கே சட்டம் போட வேண்டியிருக்கிறதா?" என்று ஆச்சரியப்பட்டார்.

என் கதை மட்டும் இல்லை இது. 2004இல் மைக்ரோசாஃப்ட் ஒரு முத்திரையை அறிமுகம் செய்தது. 'பிளேஸ்ஃபார்ஷ்யூர்' என்று பெயர், நிச்சயம் பாடும் என்று பொருள். அந்த முத்திரை இருக்கும் கடையில் வாங்கிய பாட்டு, அந்த முத்திரை இருக்கும் எந்தக் கருவியிலும் பாடும் என்பது வாக்கு. 2006 நவம்பரில் அதே நிறுவனம் 'சூன்' என்ற தன் சொந்தக் கருவியை வெளியிட்டது. நிச்சயம் பாடும் பாட்டு அதில் பாடாது. பெயர் வைக்கும்போது எங்கள் ஊர் ஜோசியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 2008இல் மைக்ரோசாஃப்டின் பாட்டுக் கடையான எம்எஸ்என் மியூசிக் தன் உரிம சர்வர்களை ஆகஸ்ட் கடைசியோடு நிறுத்தப்போவதாக அறிவித்து, கண்டனம் எழுந்த பிறகு 2011 வரை தள்ளிப்போட்டது. யாஹூவின் பாட்டுக் கடையும் 2008 செப்டம்பரில் கதவை அடைத்தது. மறுபக்கம் ஆப்பிள் கடையின் பாட்டுகளுக்கு வேறொரு பூட்டு. கணினியை விட்டு வெளியே வந்தால் பெரும்பாலும் ஐபாடில்தான் அவை பாடும்.

இந்தப் பூட்டுகளால் திருட்டு குறைந்ததா என்ற கேள்விக்கு 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். முந்தைய வருடம் உலகம் முழுக்க இணையக் கடைகளில் பூட்டோடு விற்ற பாட்டுகள் 200 கோடிக்கும் கீழே. அதே வருடம் இசை நிறுவனங்களே பூட்டில்லாமல் குறுந்தட்டில் விற்றவை 2,000 கோடிக்கும் மேல். வாசல் கதவு திறந்து கிடக்கும்போது ஜன்னலுக்கு ஏழு தாழ்ப்பாள். அந்த வருடமே அமேசான் பூட்டில்லாத எம்பி3 விற்கத் தொடங்கியது, 2009இல் ஆப்பிளும் பாட்டுகளின் பூட்டைக் கழற்றியது. என் 212 பாட்டும் அதற்கு முன்பு வாங்கியவை.

சரி, கைவேலைக்கு வருகிறேன்.

பரணிலிருந்து மடிக்கணினியை இறக்கினோம். பேட்டரி உப்பிப்போய் இருந்தது. கழற்றி வெளியே வைத்தேன். மின்சாரத்தில் செருகினால் ஓடியது. விசிறிச் சத்தம் மாவு மில் மாதிரி. பழைய இயக்கியைத் திறந்து ஒரு தோடி ஆலாபனையைத் தட்டினேன். பாடியது. புதையலைக் காக்கும் பூதம்போல இத்தனை வருடம் 212 சாவிகளையும் மடியில் வைத்துக்கொண்டு பரணில் கிடந்திருக்கிறது. அறைக்குள் வந்த அம்மா, "இதுதான் பாடுகிறதே, இதையே நைனா பக்கத்தில் வைத்துவிட்டுப் போயேன்" என்றார். நியாயமான யோசனை. அந்தச் சத்தத்தில் நாதஸ்வரம் கேட்க முடியாது என்பதைத் தவிர.

வெளியே வர ஒரே வழி அந்தக் கடையே விட்டு வைத்திருந்தது: பாட்டுகளைச் சாதாரணக் குறுந்தட்டில் எழுதிக்கொள்ளலாம். ஒரு பட்டியலை ஏழு முறை எழுத அனுமதி. குறுந்தட்டில் பூட்டு என்ற பேச்சே கிடையாது. எழுதிய தட்டை மறுபடி கணினியில் போட்டு எம்பி3யாக எடுத்துக்கொண்டால் எந்தப் பெட்டியும் பாடும். பூட்டை உடைக்க மென்பொருள்கள் உண்டு என்று அக்கா மகன் ஆர்வமாகத் தேடிக்கொண்டிருந்தான். வேண்டாம் என்றேன். கொல்லைக் கதவு திறந்திருக்கும்போது சுவரில் ஏன் ஏற வேண்டும்?

ஆனால் வெற்றுக் குறுந்தட்டு? காட்பாடியில் மூன்று கடை, வேலூரில் ஐந்து கடை ஏறி இறங்கினேன். "அது இப்போது வருவதில்லை சார்" என்பதே பதில். கடைசியில் கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவர் பழைய இருப்பிலிருந்து இருபது தட்டு கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, எடுத்துப் போங்கள் என்றார்.

ஒரு தட்டில் 80 நிமிடம். என் 212 பாட்டும் பதினேழு மணி நேரம். பதினான்கு தட்டு வேண்டும். மூன்றாவது தட்டு பாதியில் மின்சாரம் போய் வீணானது. நான்காவதை எழுதிய பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். கச்சேரிப் பதிவுகளில் ஆலாபனை ஒரு கோப்பு, கீர்த்தனை அடுத்த கோப்பு. இரண்டுக்கும் நடுவே தட்டில் எழுதும் முறை இரண்டு விநாடி மௌனத்தைச் செருகிவிட்டது. ஆலாபனை முடிந்து தவில் விழ வேண்டிய அந்த நொடியில் கிணற்றில் கல்லைப் போட்டதுபோல ஒரு வெறுமை. நைனா உடனே தலையைத் தூக்கினார். "அங்கே என்ன அறுந்துபோச்சு?" இடைவெளி இல்லாமல் எழுதும்படி அமைப்பில் ஒரு கட்டத்தை மாற்றி, கெட்டுப்போன இரண்டையும் திரும்ப எழுதினேன்.

தரம் கொஞ்சம் போகும் என்பதையும் நைனாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். என் பாட்டுகள் விநாடிக்கு 128 கிலோபிட் என்று சுருக்கப்பட்டவை. ஐந்து நிமிடப் பாட்டு ஐந்து எம்பிக்கும் குறைவு. தட்டில் எழுதும்போது அது 1,411 கிலோபிட்டாக, 53 எம்பியாக விரியும். பதினோரு மடங்கு பெரிதானாலும் ஏற்கெனவே தூக்கி எறியப்பட்ட ஒலி திரும்பி வராது. திரும்ப எம்பி3யாகச் சுருக்கும்போது இன்னும் கொஞ்சம் கழியும். "ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது" என்றார். எழுத்து மங்கும், ஆனால் சொத்து விவரம் படிக்கும்படி இருக்கும். 192 கிலோபிட்டில் எடுத்தேன். என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒத்து ஊதும் இடங்களில் ஒரு சலசலப்பு இருப்பதாக நைனா சொன்னார். இருக்கலாம். தொடர்ந்து நீளும் சுருதியில் இந்தச் சுருக்கம் சில சமயம் வெளிப்படும்.

தட்டுகள் ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் நைனா தன் சாமான் பெட்டியைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்து வந்தார். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் அவரே டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடியப் பதிந்த தெருக்கூத்து. முகவீணையும் ஆர்மோனியமும் ஒன்றையொன்று முந்தும், நடுவில் ஒரு குழந்தை அழும். உறையில் அவர் கையெழுத்தில் ஊர்ப் பெயருக்குக் கீழே 'வ.ஆ. மாவட்டம்' என்று இருந்தது. வட ஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது, பிறகு வேலூர் மாவட்டமாகப் பெயர் மாறியது, 2019இல் மூன்றாகப் பிரிந்தது. கேசட் யாரையும் கேட்காமல் பாடிக்கொண்டிருக்கிறது. அதைக் கணினிக்கு மாற்ற ஒரு கம்பியும் அறுபது நிமிடமும் போதும்.

பாட்டு வெளியே வந்ததே தவிர, பெயர் வரவில்லை. நான் எழுதிய தட்டில் 'தடம் 1, தடம் 2' என்றுதான் இருக்கும். தட்டைப் போட்டதும் மென்பொருள் இணையத்தில் தேடிப் பெயர் கண்டுபிடித்துத் தரும் வசதி ஒன்று உண்டு. ஒவ்வொரு பாட்டும் தட்டில் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கை வைத்துத் தேடும் முறை அது. என் தட்டின் கணக்கு வேறு ஏதோ ஒரு தட்டோடு ஒத்துப்போக, வராளிக்கும் கானடாவுக்கும் ஏதோ ஓர் ஐரோப்பிய மொழியில் பெயர் வந்தது. அதை நிறுத்திவிட்டு, 212 பெயரையும் நானே தமிழில் தட்டினேன். இரண்டு நாள். வாங்கியபோது ஒவ்வொன்றையும் எத்தனை யோசித்து வாங்கினேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிலவற்றை ஏன் வாங்கினேன் என்பது வரவில்லை.

அந்தத் தமிழ்ப் பெயர்களை அக்கா வீட்டுக்காரரின் காரில் போட்டுப் பார்த்தோம். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. எம்பி3யின் பழைய குறிப்புப் பகுதியில் பெயருக்கு 30 பைட் மட்டுமே இடம். யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். பத்துக் குறியோடு இடம் தீர்ந்துவிடும். புதிய குறிப்பு முறையில் இடத்துக்குக் குறைவில்லை, ஆனால் எழுத்துரு இல்லாத கருவிக்கு எல்லாத் தமிழும் கட்டம்தான். நைனாவின் பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை. அதற்கு எண்ணைத் தவிர எதுவும் தெரியாது.

இன்னொரு மூட்டையும் இருந்தது. 2012 முதல் வாங்கிய 46 பாட்டுகள். அந்த வருடம் பிப்ரவரியில் ஃபிளிப்கார்ட் 'ஃபிளைட்' என்ற பாட்டுக் கடையைத் தொடங்கியது, பூட்டில்லாத எம்பி3 விற்றது, 2013 ஜூனில் மூடியது. அங்கே வாங்கியவை இன்னும் பாடுகின்றன. கடை இருந்தால் என்ன, போனால் என்ன? டிசம்பரில் ஆப்பிள் கடையும் இந்தியாவுக்கு வந்தது. அங்கே விற்பவையும் பூட்டில்லாதவை, ஆனால் ஏஏசி என்ற வேறு முறையில் சுருக்கியவை. பெட்டிக்கு அந்த மொழி தெரியாது. எம்பி3க்கான காப்புரிமைக் கட்டண ஏற்பாடு 2017 ஏப்ரலோடு முடிந்துவிட்டது; ஏஏசி பாடும் கருவியைச் செய்பவர் கட்டணம் கட்டும் ஏற்பாடு அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

அக்கா மகன் ஒரு குறுக்கு வழி கண்டான். "மாமா, பெயருக்குக் கடைசியில் இருக்கும் எழுத்தை எம்பி3 என்று மாற்றிவிட்டேன், முடிந்தது" என்றான். பெட்டி ஒவ்வொன்றையும் தொட்டு, ஒரு விநாடி யோசித்து, அடுத்ததற்குத் தாவியது. "வாசலில் பெயர்ப் பலகை மாற்றினால் பட்டா மாறிவிடுமா?" என்று திண்ணையிலிருந்து நைனாவின் குரல். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் ஒரே வரிக் கட்டளை. ஏஏசியில் இருந்தவை எல்லாம் சில நிமிடங்களில் எம்பி3 ஆகிவிட்டன. பதினேழு மணி நேரப் பாட்டுக்குப் பத்து நாள், இதற்கு ஒரு காபி குடிக்கும் நேரம்.

இப்படியெல்லாம் செய்வது சட்டப்படி சரியா என்ற கேள்வி எனக்கு வரவில்லை, பத்திர எழுத்தருக்கு வந்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை மீறலாகக் கருதுவதில்லை. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு என்கிறது; ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் 1998ஆம் வருடச் சட்டமோ உடைப்பதையே பொதுவாகத் தடை செய்துவிட்டு, பிறகு சில விலக்குகளைப் பட்டியலிடுகிறது. 'நோக்கம்' என்ற அந்த ஒரு சொல்லை நைனா வெகுவாக ரசித்தார். நாமோ பூட்டைத் தொடவே இல்லை என்று நினைவூட்டினேன். "அது வேறு. எழுதியவன் கெட்டிக்காரன் என்று சொல்கிறேன்" என்றார்.

ஏற்றும் நாள் வந்தது. 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றைச் செருகினேன். பெட்டி இரண்டு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டு எஃப்.எம்முக்குப் போய்விட்டது. அந்த பென் டிரைவ் கோப்புகளை அடுக்கி வைப்பது எக்ஸ்ஃபேட் என்ற முறையில்; பெட்டிக்குத் தெரிந்தது ஃபேட்32 மட்டும். 16 ஜிபியில் ஒன்றை ஃபேட்32 ஆக்கி, 258 பாட்டையும் பேரன் அள்ளிப் போட்டான். பாடியது. தெரு முனை வரை கேட்கும்படி பாடியது.

வரிசைதான் கலைந்திருந்தது. கணினியில் பார்த்தால் அகரவரிசை. பெட்டியில் முதல் பாட்டு வீணை, இரண்டாவது ஜாஸ், மூன்றாவது மல்லாரி. ஃபேட்32 தன் கோப்புப் பெயர்களை எழுதும் விதம் கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி. வந்தவர் வந்த வரிசையில் ஏறும். கணினி அதை அகரவரிசையாக அடுக்கி நமக்குக் காட்டுகிறது. இந்த மாதிரிப் பெட்டிகள் நோட்டில் இருப்பதை இருந்தபடியே படிக்கின்றன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ராக வாரியாக ஒவ்வொன்றாக ஏற்றித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம். இருக்கட்டும். நான் பதிவேடு போட்டுக்கொள்கிறேன்."

மறுநாள் காலை திண்ணையில் நீள நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு உட்கார்ந்திருந்தார். வரிசை எண், ராகம், வாத்தியம், வாசித்தவர். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'செக்குபந்தி'. பத்திரத்தில் நிலத்துக்கு நான்கெல்லை எழுதுவதுபோல ஒவ்வொரு பாட்டுக்கும் எல்லை எழுதிக்கொண்டிருந்தார். 47, மோகனம், புல்லாங்குழல். கிழக்கே 46 தோடி, மேற்கே 48 காபி. எண் எதற்கு, எல்லை எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்டேன். சர்வே எண் அரசாங்கம் நினைத்தால் மாறும், பக்கத்து நிலத்துக்காரன் மாற மாட்டான் என்றார். நாற்பத்தோரு வருட அனுபவம். நான் எதிர்த்துப் பேசவில்லை. மூன்று நாளில் 258க்கும் எழுதி முடித்தார். எழுதுவதற்காக எல்லாவற்றையும் ஒரு முறை கேட்டுமிருந்தார்.

113ஆம் எண்ணில் ஒரே சாவேரி இரண்டாவது முறை ஏறியிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். அதை அழித்தேன். அந்த வாரத்தில் வைகாசி ஒன்றாம் தேதி வந்தது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போன அக்கா மகன், கூட்டத்துக்கு நடுவே பம்பையும் உடுக்கையும் கலந்து ஆறு நிமிடம் செல்போனில் பதிந்து வந்தான். அம்மா கேட்டார் என்று அதை எம்பி3 ஆக்கிப் பென் டிரைவில் போட்டான். கடைசியாக ஏறியதால் கடைசி எண்ணில் இருக்கும் என்று தேடினோம். இல்லை. ஃபேட்32இல் ஒரு பெயரை அழித்தால் அந்த வரி காலி என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். அடுத்து வருபவருக்கு அந்த இடம் பொருந்தினால் அங்கேயே உட்காரவைத்துவிடும்.

113இல் பம்பை முழங்கியது.

நைனா நோட்டைப் பிரித்தார். சாவேரியின் மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு. பக்கத்தில் 'பெயர் மாற்றம்' என்று எழுதித் தேதி போட்டார். எல்லைகளை மாற்றவில்லை, கிழக்கே கல்யாணி, மேற்கே சஹானா, அப்படியே. வாசித்தவர் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு அதை அடித்துவிட்டு 'எழுதிக்கொடுத்தவர்: பேரன்' என்று போட்டு, ஓரமாகச் சின்ன எழுத்தில் 'தானம்' என்று எழுதினார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பெட்டியில் 113ஐத் தேடித் திரும்ப அழுத்தினார்.